செக்ரீஷன் சிஸ்டம் ஏழையும் நெட்டுரு போடாம படிக்கிறது எப்படி

செக்ரீஷன் சிஸ்டம்னா பாக்டீரியா தனக்குள்ள செஞ்ச புரோட்டீனை வெளில அனுப்புற மெஷின், மைக்ரோபயாலஜி எடுத்தவங்க எல்லாருக்கும் இந்த சாப்டர் தெரியும். டைப் 1, டைப் 2, டைப் 3னு வரிசையா ஒரு டேபிள், பக்கத்து காலத்துல பாக்டீரியா பேரு, அதுக்கும் பக்கத்துல செக் பாதை வேணுமா வேணாமான்னு ஒரு டிக் மார்க். நான் படிச்சப்ப அந்த டேபிளை ஸ்லைடுல போட்டு அப்படியே எழுதிக்கச் சொல்லிட்டு அடுத்த சாப்டருக்குப் போயிட்டாங்க, நானும் ராத்திரி முழுக்க உருப்போட்டுட்டு போனேன், காலைல பேப்பரைப் பார்த்ததும் டைப் 2வும் டைப் 4வும் இடம் மாறிப்போச்சு. பல வருஷம் கழிச்சு நானே பசங்களுக்கு சொல்லிக்கொடுக்க உக்காந்தப்பதான் புரிஞ்சுது, அந்த நம்பருக்கும் அந்த மெஷின் செய்ற வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அதனால நம்பர்ல ஆரம்பிச்சா கண்டிப்பா குழம்பும். ஒரே ஒரு புரோட்டீனைப் பிடிச்சுக்கிட்டு அது பின்னாலயே நடந்து, எத்தனை சுவர் தாண்டுதுன்னு எண்ணுங்க. நம்பர் தானா ஒட்டிக்கும்.

முதல்ல ஒரு ஏ4 தாள் எடுங்க, பென்சில் எடுங்க. செல்லை வட்டமா வரைய வேணாம், பழைய ஓட்டு வீடு மாதிரி வரைங்க. உள்ள கூடம், அதுதான் சைட்டோபிளாசம், புரோட்டீன் எல்லாம் பொறக்குற இடம். கூடத்தைத் தாண்டினா உள்வாசல், அது இன்னர் மெம்பிரேன். அடுத்து ரேழி, அதுதான் பெரிபிளாசம், பெப்டிடோகிளைக்கான் வலை அங்கதான் இருக்கு. அப்புறம் தெருவாசல், அது அவுட்டர் மெம்பிரேன். வெளில தெரு. தெருவைத் தாண்டினா எதிர்வீடு, அது நம்ம குடல் செல்லோ நுரையீரல் செல்லோ, அதுக்கும் ஒரு வாசல் இருக்கு. இது கிராம் நெகட்டிவ், அதாவது ரெண்டு மெம்பிரேன் இருக்குற பாக்டீரியாவோட வீடு. கிராம் பாசிட்டிவ்ல தெருவாசல் மெம்பிரேனே கிடையாது, தடிமனான ஒரு சுவர் மட்டும்தான், அதனால அவங்களுக்கு இவ்வளவு மெஷின் தேவைப்படல.

படத்துல ரேழிக்குள்ள பெருசா ஒண்ணு எழுதி வட்டம் போடுங்க: இங்க ஏடிபி கிடையாது. ஏடிபின்னா அடினோசின் டிரைஃபாஸ்பேட், செல்லோட பவர், அது எல்லாம் கூடத்துலதான். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா இந்த ஒரு வரி தெரிஞ்சா பாதி மெஷின் ஏன் அப்படி அமைஞ்சிருக்குன்னு தன்னால புரியும், ஏன்னா தெருவாசலைத் திறக்கணும்னா பவரை உள்ள இருந்து இழுத்துட்டு வரணும், இல்லன்னா பவரே இல்லாம தாண்ட வேற வழி கண்டுபிடிக்கணும்.

இப்ப எந்த சிஸ்டம் வந்தாலும் மூணே கேள்வி கேளுங்க. புரோட்டீன் ரேழில நின்னு போகுதா, நிக்காம ஒரே மூச்சுல போகுதா? மடிஞ்சு உருண்டையா போகுதா, பிரிச்ச நூல் மாதிரி போகுதா? கடைசில தெருவுல விட்டுடுதா, எதிர்வீட்டுக்குள்ளயே கொண்டுபோய் வைக்குதா? இந்த மூணுக்கும் பதில் சொல்லத் தெரிஞ்சா அஞ்சு மார்க் கேள்வி என்ன, பதினஞ்சு மார்க் கேள்வியே வந்தாலும் பயப்பட வேண்டியதில்ல.

ரேழில நிக்கிறவங்கள்ல இருந்து ஆரம்பிப்போம், அதுதான் சுலபம். உள்வாசலைத் தாண்ட பொதுவா ரெண்டு வழி. செக் பாதைல புரோட்டீன் பிரிச்ச நூலா போகும், முன்னாடி இருக்குற சிக்னல் பெப்டைடுதான் அட்ரஸ் சீட்டு, தாண்டினதும் அந்த சீட்டை வெட்டி எடுத்துடுவாங்க, தள்ளுறது செக்ஏ, அது ஏடிபியை எரிச்சு தள்ளும். டாட் பாதைல ஏற்கனவே மடிஞ்ச புரோட்டீன் போகும், அதோட சீட்டுல ரெண்டு ஆர்ஜினின் ஒட்டிக்கிட்டே இருக்கும், பவர் புரோட்டான் மோட்டிவ் ஃபோர்ஸ்ல இருந்து, அதாவது உள்வாசலோட ரெண்டு பக்கமும் புரோட்டான் ஏத்த இறக்கமா இருக்குறதுல இருந்து வரும்.

இதுல நீங்க முதல்ல பிடிக்க வேண்டிய புரோட்டீன் காலரா டாக்ஸின். ஏன் இதுன்னா, கதையும் சேர்ந்து வரும். 1884ல ராபர்ட் கோக் கல்கத்தாவுல காலரா கிருமியைப் பிரிச்சு எடுத்தப்பவே இது ஏதோ விஷத்தை வெளில விடுதுன்னு சந்தேகப்பட்டார், ஆனா அதை யாராலயும் காட்ட முடியல. 1959ல அதே கல்கத்தால சம்பு நாத் டேன்னு ஒரு டாக்டர், முயலோட சிறுகுடல்ல ஒரு துண்டை ரெண்டு பக்கமும் கட்டி, அதுக்குள்ள காலரா கிருமி வளர்ந்த தண்ணியை மட்டும், கிருமி ஒண்ணுகூட இல்லாம வடிகட்டி போட்டார். குடல் துண்டு தண்ணியால நிரம்பி வீங்கிப்போச்சு. கொஞ்சம் நிறுத்தி யோசிங்க, கிருமியே இல்ல, ஆனா நோய் வருது, அப்படின்னா அது எதையோ தெருவுல விட்டுட்டுப் போயிருக்கு. செக்ரீஷன்ங்கிற வார்த்தைக்கு இதைவிட நல்ல நிரூபணம் எனக்குத் தெரியல, நான் கிளாஸை இந்தச் சோதனைல இருந்துதான் ஆரம்பிப்பேன். அவருக்கு உயிரோட இருந்த காலத்துல கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கலைங்கிறது எனக்கு இன்னைக்கும் மனசுக்கு கஷ்டமா இருக்கு.

இப்ப அந்த டாக்ஸின் பின்னால நடங்க. ஒரு ஏ துண்டு, அஞ்சு பி துண்டு, ஆறும் தனித்தனியா செக் பாதைல உள்வாசலைத் தாண்டி ரேழிக்கு வரும், சீட்டை வெட்டிடுவாங்க, ரேழிலயே மடிஞ்சு ஆறும் ஒண்ணாச் சேர்ந்துக்கும். இப்ப உருண்டையா ஆயாச்சு, சின்ன ஓட்டைல போக முடியாது, அதனால தெருவாசல்ல செக்ரெட்டின்னு ஒரு பெரிய வளையம், 15 துண்டு சேர்ந்த வளையம், கதவோட நிக்கும். கீழ இருந்து சூடோபைலஸ்னு ஒரு தண்டு பிஸ்டன் மாதிரி தள்ளும்னு சொல்றாங்க. பவர்? ரேழில ஏடிபி இல்லைன்னு வட்டம் போட்டோமே, அதனால ஏடிபி எரிக்கிற பாகம் கூடத்துப் பக்கம் உக்காந்திருக்கும், விசையை மட்டும் வெளில கடத்தும். இதுதான் டைப் 2. ரேழில நின்னுச்சு, மடிஞ்சு போச்சு, தெருவுல விட்டுச்சு. நம்பர் வந்துடுச்சு பாருங்க.

தெருவுல விட்டதுக்கு அப்புறம் அந்த டாக்ஸின் எதிர்வீட்டுக்கு தானே வழி தேடிக்கும். அஞ்சு பி துண்டும் குடல் செல் மேல இருக்குற ஜிஎம்1ங்கிற கொழுப்பைப் பிடிச்சுக்கும், செல் அதை உள்ள இழுக்கும், பின்வாசல் வழியா கோல்ஜி, அங்கிருந்து ஈஆர் வரைக்கும் போய், அங்க ஏ துண்டோட வேலை செய்ற பாகம் கழண்டு சைட்டோபிளாசத்துக்கு வந்து, ஜிஎஸ் புரோட்டீன் மேல ஏடிபி ரைபோஸை ஒட்டும். இந்த ஏடிபி வேற, அடினோசின் டைஃபாஸ்பேட், எக்ஸாம்ல இந்த ரெண்டையும் தமிழ்ல ஒரே மாதிரி எழுதி நிறைய பேர் மாட்டிக்கிறாங்க, அதனால டைஃபாஸ்பேட்டுன்னு முழுசா எழுதிடுங்க. ஒட்டினதும் ஸ்விட்ச் ஆன்லயே நின்னுடும், செல்லுக்குள்ள சேதி சொல்ற சைக்ளிக் ஏஎம்பிங்கிற மூலக்கூறு ஏறும், குளோரைடு வெளில கொட்டும், தண்ணி அது பின்னால ஓடும், மோசமான கேஸ்ல ஒரு மணி நேரத்துக்கு 1 லிட்டர் வரைக்கும் போகும். ஆனா குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உள்ள இழுக்குற கதவை இந்த டாக்ஸின் தொடறதில்ல, அதனாலதான் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் வேலை செய்யுது. 1971ல வங்கதேச அகதிகள் முகாம்ல திலீப் மஹாலானாபிஸ் அதைக் குடிக்கக் கொடுத்துதான் அவ்வளவு பேரைக் காப்பாத்தினார்.

டைப் 5 ரெண்டு வரி போதும். இதுவும் செக் பாதைல ரேழிக்கு வரும், ஆனா தெருவாசல்ல தனிக் கதவு கிடையாது, புரோட்டீனோட வால் பகுதியே பீப்பாய் மாதிரி தெருவாசல்ல பதிஞ்சு கதவா மாறிடும், மிச்சம் அது வழியா வெளில போய் மடியும், அதனாலதான் பேரு ஆட்டோடிரான்ஸ்போர்ட்டர். நைசீரியாவோட ஐஜிஏ புரோட்டியேஸ் உதாரணம், நம்ம சளிச்சவ்வுல காவல் நிக்கிற ஐஜிஏ ஆன்டிபாடியை வெட்டிப் போடும்.

அடுத்து ரேழில நிக்காம போறவங்க. இதுல எளிசு டைப் 1, மூணே பாகம். உள்வாசல்ல ஏடிபி எரிக்கிற பம்ப், ரேழியைக் கடக்குற பாலம், தெருவாசல்ல டோல்சிங்கிற குழாய். உதாரணம் யூரினரி இன்ஃபெக்ஷன் வரவைக்கிற ஈகோலையோட ஹீமோலைசின், 1000 அமினோ அமிலத்துக்கு மேல நீளம். அட்ரஸ் சீட்டு முன்னாடி இல்ல, வால்ல இருக்கு, வெட்டுறதும் இல்ல, அதனால வால்தான் முதல்ல வெளில வரும். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுல கால்சியம். செல்லுக்குள்ள கால்சியம் ரொம்ப ரொம்பக் கம்மி, வெளில பல ஆயிரம் மடங்கு ஜாஸ்தி, அதனால வெளில தலையை நீட்டுற துண்டு உடனே கால்சியத்தைப் பிடிச்சு மடிஞ்சுக்கும், மடிஞ்சது திரும்ப உள்ள வழுக்கிப் போக முடியாது, கிணத்துல கயிறு இழுக்கும்போது ஒவ்வொரு கை இழுப்புக்கும் ஒரு முடிச்சு போட்டுக்கிட்ட மாதிரி. டோல்சி பேரை மறக்காதீங்க, ஆன்டிபயாடிக்கை வெளில துப்புற பம்பும் இதே குழாயைத்தான் கடன் வாங்குது.

இப்ப டைப் 3. இங்க நிறைய நேரம் செலவு பண்ணுங்க, எக்ஸாமுக்காக மட்டும் இல்ல, இதுக்கு நிகரா இன்னொண்ணு கிடையாது. கூடத்துல ஆரம்பிச்சு உள்வாசல், ரேழி, தெருவாசல், தெரு, எதிர்வீட்டு வாசல்னு அஞ்சையும் ஒரே மூச்சுல தாண்டி எதிர்வீட்டுக் கூடத்துல புரோட்டீனை இறக்குது. ரெண்டு மெம்பிரேன்லயும் வளையம், அது மேல வெளில நீட்டிக்கிட்டு ஒரு ஊசி. 1998ல சால்மோனெல்லால இருந்து இதை முழுசா பிரிச்சு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பார்த்தப்ப, அடிப்பாகம் அப்படியே பாக்டீரியா நீந்துறதுக்கு வச்சிருக்குற வாலான ஃபிளாஜெல்லத்தோட அடிப்பாகம் மாதிரி இருந்துச்சு, ரெண்டும் சொந்தக்காரங்கதான். பிளேக் கிருமியோட குடும்பமான யெர்சினியால ஊசி நீளம் 60 நானோமீட்டர் பக்கம், நீளத்தை அளக்க ஒய்எஸ்சிபின்னு ஒரு புரோட்டீன் அளவுகோல் மாதிரி வேலை செய்யுது, அந்தப் புரோட்டீனை நீட்டினா ஊசியும் நீளும், குறைச்சா ஊசியும் குறையும்.

ஊசிக்குள்ள ஓட்டை 2ல இருந்து 3 நானோமீட்டருக்குள்ள. இதைப் படத்துல எழுதினா ரெண்டாவது கேள்விக்கு விடை அங்கயே கிடைக்கும், மடிஞ்ச புரோட்டீன் போகவே போகாது, ஊசிக்காதுல நூல் கோர்க்கிற மாதிரி பிரிச்சுதான் அனுப்பணும். அதுக்காகவே கூடத்துல ஒவ்வொரு புரோட்டீனையும் மடிய விடாம ஒரு ஷாப்பரோன் பிடிச்சுக்கிட்டு நிக்கும். முன்னாடி சீட்டு இருக்கு, ஆனா வெட்ட மாட்டாங்க. இந்த வெட்டுறது, வெட்டாதது ரெண்டையும் வேற வேற கலர்ல குறிச்சு வைங்க, கேள்வி அதுலதான் வரும்.

உள்ள போனதும் என்ன செய்யுதுன்னு ஒரு ஜோடியைக் காட்டுறேன். சால்மோனெல்லா குடல் செல்லைத் தொட்டதும் சாப்இ, எஸ்பிடிபின்னு ரெண்டு புரோட்டீனை கிட்டத்தட்ட ஒரே நேரத்துல ஊசி போடும். சாப்இ நம்ம செல்லோட ராக்1, சிடிசி42ங்கிற ஸ்விட்சுகளை ஆன் பண்ணும், உடனே செல்லுக்கு உருவம் கொடுக்குற ஆக்டின் இழைங்க கொந்தளிச்சு செல்லோட மேல்பரப்பு அலை மாதிரி எழும்பி கிருமியை வாரி உள்ள எடுத்துக்கும். எஸ்பிடிபி அதே ஸ்விட்சுகளை ஆஃப் பண்ணும். ஒண்ணு ஆன், ஒண்ணு ஆஃப், ரெண்டும் ஒரே நேரத்துல போனா அடிச்சுக்கிட்டு ஒண்ணுமே நடக்காதேன்னு கிளாஸ்ல ஒரு பொண்ணு கேட்டுச்சு, அருமையான கேள்வி. 2003ல வந்த விடை என்னன்னா, நம்ம செல்லோட குப்பை அரைக்கிற மெஷினான புரோட்டியசோம் சாப்இயை சீக்கிரம் தின்னுடும், எஸ்பிடிபியை மெதுவாத்தான் தின்னும். அதனால முதல்ல கதவு திறக்கும், கிருமி உள்ள வந்ததும் சாப்இ காலி, மிச்சம் இருக்குற எஸ்பிடிபி எல்லாத்தையும் அமைதி பண்ணி செல்லைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்துடும். நேரம் பார்த்து வேலை முடிக்க நம்மளோட மெஷினையே கடிகாரமா வச்சிருக்கு.

இன்னொண்ணு ஈபெக், குழந்தைங்களுக்கு வயித்துப்போக்கு வரவைக்கிற ஈகோலை. இது குடல் செல் மேல ஒட்டிக்கிட்டு நிக்கிறதுக்கு செல்லுல ஒரு ரிசெப்டர் வேணும், எல்லாரும் அது நம்ம செல்லோட புரோட்டீன்னுதான் நினைச்சிருந்தாங்க, பேருகூட வச்சிருந்தாங்க. 1997ல பார்த்தா அது நம்மளோடது இல்ல, டிர்னு பாக்டீரியாவே செஞ்சு டைப் 3 வழியா நம்ம செல்லுக்குள்ள அனுப்பி, அது நம்ம மெம்பிரேன்ல போய் பதிஞ்சு, அதை பாக்டீரியா தன் மேல்பரப்புல இருக்குற இன்டிமின்ங்கிற புரோட்டீனால கெட்டியா பிடிச்சுக்குது. எதிர்வீட்டுச் சுவத்துல தன் கையாலயே ஆணி அடிச்சு அதுல தொங்குற மாதிரி. அப்புறம் அதுக்கு அடில ஆக்டின் குவிஞ்சு ஒரு மேடை எழும்பும், பாக்டீரியா அந்த மேடை மேல உக்காந்திருக்கும். இந்தப் படத்தை ஒரு தடவை கையால வரைஞ்சீங்கன்னா ஜென்மத்துக்கும் மறக்காது.

டைப் 4ம் எதிர்வீட்டுக்குள்ள வைக்கிற ரகம்தான், ஆனா இது ஒரு பாக்டீரியால இருந்து இன்னொண்ணுக்கு டிஎன்ஏவைக் கடத்துற கான்ஜுகேஷன் மெஷினோட சொந்தம், அதனால புரோட்டீன் மட்டும் இல்ல, டிஎன்ஏவும் கடத்தும். செடில கட்டி வரவைக்கிற அக்ரோபாக்டீரியம் தன் டிஎன்ஏவை செடிக்குள்ள அனுப்புறது இதுலதான். வயித்துப்புண் வரவைக்கிற ஹெலிகோபாக்டர் வயித்து செல்லுக்குள்ள கேக்ஏங்கிற புரோட்டீனை அனுப்புறதும் இதுலதான். 1976ல பிலடெல்ஃபியா மாநாட்டுல பரவி பேர் வாங்கின நிமோனியா கிருமியான லீஜியோனெல்லா, 300க்கு மேல புரோட்டீனை இது வழியா அனுப்புது, அதோட மொத்த ஜீனே 3000 பக்கம்தான், கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு பொறி இருக்கு, கக்குவான் இருமல் கிருமி தன் டாக்ஸினை டைப் 4 வழியாத்தான் விடும், ஆனா எதிர்வீட்டுக்குள்ள வைக்காம தெருவுல விட்டுடும், ரேழிலயும் நின்னுதான் வரும். டைப் 4ன்னாலே இன்ஜெக்ஷன்னு எழுதினவங்க இங்க மாட்டுவாங்க.

டைப் 6 பாக்டீரியாவைத் தாக்குற வைரஸோட வாலைத் திருப்பிப் போட்ட மாதிரி. உறை சுருங்கி உள்ள இருக்குற குழாயை ஈட்டி மாதிரி சில மில்லி செகண்ட்ல வெளில எறியும். 2006ல காலரா கிருமில அடையாளம் கண்டாங்க, அப்ப அது அமீபாவை எப்படிக் கொல்லுதுன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஆனா இது பெரும்பாலும் குத்துறது பக்கத்து பாக்டீரியாவைத்தான், குடல்ல இடத்துக்கு நடக்குற சண்டை.

டைப் 7க்கு உங்க கையைப் பாருங்க, தோள்பட்டைக்குக் கீழ பிசிஜி தழும்பு இருக்கும். டிபி கிருமியோட வீடு வேற மாதிரி, வெளில மைக்காலிக் ஆசிட் மெழுகு பூசின மெம்பிரேன். அதோட இஎஸ்எக்ஸ்-1ங்கிற மெஷின் இசாட்-6, சிஎஃப்பி-10ங்கிற ரெண்டு சின்ன புரோட்டீனை ஜோடியா வெளில விடுது, கிருமியை விழுங்குற நம்ம காவல் செல்லான மேக்ரோபேஜுக்குள்ள அடைச்சு வச்ச பையில இருந்து கிருமி தப்பிக்க இந்த மெஷின் வேணும். கால்மெட்டும் கெரானும் 1908ல இருந்து 1921 வரைக்கும் மாட்டு டிபி கிருமியை 230 தடவை மாத்தி மாத்தி வளர்த்தாங்க, வீரியம் போச்சு, அதுதான் பிசிஜி. ஏன் போச்சுன்னு பல வருஷம் கழிச்சு ஜீனோமைப் பார்த்தா, இசாட்-6 இருக்குற ஆர்டி1ங்கிற துண்டே காணாம போயிருந்துச்சு. இன்னைக்கு டிபி தொத்தியிருக்கான்னு பார்க்குற ஐக்ரா ரத்தப் பரிசோதனைல இந்த ரெண்டு புரோட்டீனைத்தான் காட்டிக் கேக்குறாங்க, பிசிஜி போட்டவங்க ரத்தத்துக்கு இது தெரியாது, நிஜமான டிபி தொத்தினவங்க ரத்தத்துக்குத் தெரியும்.

கடைசியா ஒண்ணு, வாசிக்கிற பேப்பர் எல்லாத்துலயும் இதைத் தேடுங்க: புரோட்டீன் எதிர்வீட்டுக்கு உள்ளதான் போச்சுன்னு எப்படி நிரூபிச்சாங்க? வெளில ஒட்டிக்கிட்டு இருக்கலாம் இல்லையா. யெர்சினியா ஆட்கள் 1994ல செஞ்சது ரொம்ப அழகு. கக்குவான் கிருமியோட சைஏஏங்கிற, சைக்ளிக் ஏஎம்பி செய்ற என்சைமை, டைப் 3 வழியா போற ஒரு புரோட்டீனோட வால்ல ஒட்டினாங்க. அந்த என்சைம் கால்மோடுலின் இருந்தாத்தான் வேலை செய்யும், கால்மோடுலின் பாக்டீரியாகிட்ட கிடையாது, நம்ம செல்லுக்குள்ள மட்டும்தான் இருக்கு. அதனால சைக்ளிக் ஏஎம்பி ஏறுச்சுன்னா புரோட்டீன் உள்ள போயிருச்சுன்னு அர்த்தம், ஏறலைன்னா வாசல்லயே நிக்குதுன்னு அர்த்தம்.

இப்ப புத்தகத்தை மூடிட்டு புதுத் தாள் எடுங்க, வீட்டை வரைங்க, ரேழில அந்த வட்டத்தைப் போடுங்க, காலரா டாக்ஸின், ஹீமோலைசின், டிர், இந்த மூணுக்கும் மட்டும் மூணு கலர்ல பாதை போடுங்க. எங்க பென்சில் நிக்குதோ அந்த இடத்தை மட்டும் திரும்பப் படிங்க, மிச்ச நாலையும் நாளைக்கு வரைங்க.